வாக்கிங் போன வீடு

வடமலைச்சத்திரத்தில் ஒரு வீடு வாக்கிங் போன கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்றால் நீங்கள் அந்தப் பக்கம் பஸ்ஸில்கூடப் போனதில்லை என்று அர்த்தம். ஆனால் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறார்களே தவிர, அந்த வீட்டுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நின்றாளே பூரணம், அவளைப் பற்றி ஒருத்தராவது ஒரு வார்த்தை பேசணுமே! பேச மாட்டார்கள். சரி, நான் சொல்கிறேன்.

பூரணத்தின் வீட்டுக்காரர் தவசிலிங்கத்துக்கு பஜாரில் ஜவுளிக்கடை. மனுசர் தங்கமானவர், வாயைத் திறந்தால் சிரிப்பு, மூடினால் உள்ளே மைசூர்பாகு. அந்த மைசூர்பாகுதான் வினை. உடம்பில் சர்க்கரை ஏறி, வலது காலில் புண் வந்து, அது ஆறுவதற்குள் பூரணம் கும்பிடாத சாமி இல்லை. புண் ஆறிவிட்டது, ஆனால் பெருவிரல் மரத்துப்போனது. கிள்ளினாலும் தெரியாது, எறும்பு கடித்தாலும் தெரியாது. டாக்டர் ஜெபராணி விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினால் சமாச்சாரம் பெரிசு என்று ஊருக்கே தெரியும்.

"அண்ணாச்சி, மாத்திரை பாதி வேலைதான் பாக்கும். மீதியை வாக்கிங்தான் பாக்கணும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள சர்க்கரை இறங்கியாகணும். இறங்கலேன்னா அடுத்த புண்ணு ஆறாது, விரலை எடுக்கணும். விரலோட நிக்கும்னு நினைக்காதீங்க. அப்புறம் பாதம், அப்புறம் வாக்கரைப் பிடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ளயே தத்தித் தத்திப் போகணும்."

"மருந்தை வேணும்னா கூட்டிக் குடுங்கம்மா" என்றார் தவசிலிங்கம். "நடக்கிறதெல்லாம் எங்க குடும்பத்துல ஆகாது."

ஆகாதுதான். ஏனென்றால் அவருடைய அப்பா பால்வண்ணம், தலையில் ஜவுளி மூட்டையோடு ஊர் ஊராக நடந்து விற்றவர். காலையில் போனால் பொழுது சாயும்போது வருவார். வந்து காலை நீட்டினால் பாதமெல்லாம் கோடைக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். சின்னப்பிள்ளைத் தவசி பக்கத்தில் உட்கார்ந்து வெடிப்புக்குள் வேப்பெண்ணெயை விடுவான், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் மகன் கால் தரையில படக்கூடாது" என்பார். அப்படி நடந்து நடந்து அவர் கட்டியதுதான் பெருமாள் கோயில் தெரு வீடு. அப்பா வாக்கை மகன் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். வீட்டிலிருந்து கடைக்குக் கூப்பிடு தூரம், அதற்கும் ஸ்கூட்டர். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு ஸ்கூட்டர். ஸ்கூட்டரைத் துடைத்து, உதைத்து, அது இருமிக் கிளம்புவதற்குள் மற்றவர்கள் சாமி கும்பிட்டுத் திருநீறும் பூசித் திரும்பிவிடுவார்கள், பரவாயில்லை. பூரணத்துக்கும் அதே சட்டம். "தவசிலிங்கம் பொண்டாட்டி நடந்து போறான்னு நாலு பேர் பேசவா?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வடமலைச்சத்திரத்தை அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்த மட்டும்தான்.

தை மாதத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. அன்றைக்கு பூரணத்துக்கு வந்ததே கோபம், கோபம் பாதி, அழுகை பாதி, இரண்டும் சேர்ந்து மூக்கால் வழிய, கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு, "இந்த மனுசன் காலை வெட்டிக் குடுப்பாராம், நடக்க மாட்டாராம்! ஐயோ, இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் வாக்கிங் போங்களேன்!" என்று கத்தினாள். தவசிலிங்கம் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார். தூண் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் பூரணம் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கப்போகிற நேரத்தில் பால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் இந்தப் பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தால் பக்கத்து வீட்டு முருங்கைமரம் மெல்ல நகர்ந்து போகிறது, அதற்குப் பின்னால் அடிகுழாய் போகிறது, அதற்குப் பின்னால் பிள்ளையார் போகிறார். பூரணம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்பைச் சிம்மில் வைத்தாள். வராண்டாவில் ஈசிசேரில் சாய்ந்திருந்த தவசிலிங்கம் உள்ளே திரும்பி, "ஏட்டி பூரணம், வண்டி ஏதும் வரச்சொன்னியா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு ஏது கால், அது எப்படி நடந்தது என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். சுற்றிலும் அடியில் காவிப் பட்டை அடித்த வீடு. தரையைத் தொடக் கட்டிய சேலைக்குக் கீழே கால் தெரியுமா என்ன? ஆடாமல் அசங்காமல், விளக்குமாடத்து விளக்கு அணையாமல், பெருமாள் கோயில் தெருவைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, ரயில்வே கேட்டில் ரயிலுக்கு மரியாதையாக நின்று, ஊருணிக் கரையில் இருக்கிற சுமைதாங்கிக் கல்லில் கொஞ்ச நேரம் சாய்ந்து மூச்சுவிட்டு, பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, இட்லி வேகும் நேரத்துக்குத் திரும்பிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அதிலிருந்து தினமும் போனது.

கூடவே போகாத ஒன்று உண்டு. கொல்லைக் கடைசியில் தனியாகக் கட்டியிருந்த கக்கூஸ். அது வீட்டோடு சேர்ந்ததில்லை என்று வீடே முடிவு பண்ணிவிட்டதோ என்னமோ, விட்டுவிட்டுப் போய்விடும். வெட்டவெளியில் கக்கூஸ் மட்டும் ஒற்றையாக நின்றுகொண்டிருக்கும். ஆகையால் அந்த வீட்டில் காலைக்கடன் எல்லாம் சூரியன் எழும்புவதற்குள் முடிந்தாக வேண்டும் என்றானது.

ஊர் சும்மா இருக்குமா? முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் குற்றம் சொன்னது, அப்புறம் அவரவர் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டது. லைன்மேன் வந்து தலையைச் சொறிந்து, "அண்ணாச்சி, ஒயரை நீளமா விட்டுத் தாரேன். ஊருணியைத் தாண்டிப் போகாமப் பாத்துக்கோங்க" என்றார். பால்காரர் வீட்டைத் தேடி அலைந்து அலுத்து, ரயில்வே கேட்டிலேயே நின்று ஜன்னல் வழியாகப் பாலை ஊற்றினார். பேரூராட்சி ஆபீசிலிருந்து வந்தவர்கள் டேப்பைப் பிடித்து அளந்து, வீடு நடந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒழுங்காக இடத்துக்கு வந்துவிடுவதால் இது நிலையான வீடே என்று சொல்லிவிட்டு பூரணம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், நடுச்சுவர் போய்விடுவதால் காலை நேரத்தில் தன் அடுப்படி தெருவுக்கே தெரிகிறது என்று சண்டைக்கு வந்தாள்; சண்டை முடிவதற்குள் வீடு கிளம்பிவிட்டதால் மீதியை ஊருணிக் கரை வரைக்கும் கூடவே நடந்து வந்து போட்டாள். அவளுக்கு முழங்கால் வலி போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் கொம்பையா டீக்கடையில் ஒரு பெரிய வழக்கு கிளம்பியது. வீடு போவது நடையா, வாக்கிங்கா? வடமலைச்சத்திரத்தில் இரண்டும் ஒன்றில்லை. ஒரு சோலியாகக் கால் நோகப் போனால் அது நடை, பஸ்ஸுக்கு வழியில்லாதவன் படுகிற பாடு. ஒரு சோலியும் இல்லாமல், கைவீசிக் கிளம்பி, கிளம்பின இடத்துக்கே வெறுங்கையோடு வந்து சேர்ந்தால் அது வாக்கிங், அதற்குக் கான்வாஸ் ஷூ உண்டு, கௌரவம் உண்டு. வீடு சும்மாதானே போய் வருகிறது, ஆகவே வாக்கிங் என்றது ஒரு கட்சி. சுமைதாங்கியில் நின்று மூச்சுவிடுகிறதே, அப்படியென்றால் ஏதோ சுமை இருக்கிறது, ஆகவே நடைதான் என்றது இன்னொரு கட்சி.

அப்போது பட்டுச்சேலைக்குக் கீழே வெள்ளை ஷூவும் தலையில் மப்ளருமாக வந்து சேர்ந்தார் எஸ்தர் டீச்சர். ஹைஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர். வாக்கிங் முடித்துச் சீனி போடாத டீ குடிக்க தினமும் வருவார்.

"டீச்சர், இங்கிலீஷ்காரன் என்ன சொல்றான், அதைச் சொல்லுங்க" என்றார் கொம்பையா.

"அவன் ஆதியில அந்த வார்த்தையை நடக்கிறதுக்கே வச்சிருக்கலை கொம்பையா. உருள்றது, புரள்றது, கடல் அலை புரளுதுல்ல, அதுக்குத்தான் வாக்குன்னான்."

"உருள்றதா? அங்கப்பிரதட்சணமா?"

"கேளுங்க. அப்புறம் கம்பளித் துணியைத் தண்ணியில போட்டு காலால மிதிமிதின்னு மிதிச்சு, இழை நெருங்குறாப்ல பதப்படுத்துவாங்க, அந்த மிதிக்கும் அதே வார்த்தை. மிதிக்கிறவங்களுக்கு வாக்கர்னு பேரு. இன்னைக்கும் அங்க வாக்கர்னு பேர் வச்சுக்கிட்டு ஆளுக உண்டு, பாட்டன் துணி மிதிச்சவனா இருக்கும். கால்ல நடக்கிறதுக்கு அது வந்து சேர்ந்தது பின்னாலதான்."

அந்த நேரம் பார்த்து வீடு டீக்கடையைக் கடந்தது. ஈசிசேரிலிருந்த தவசிலிங்கத்தின் காதில் விழுந்தது கடைசித் துண்டு மட்டும்தான். "யாரு, துணிக்காரனா?" என்றார் எட்டிப் பார்த்து. "அப்ப அது எங்க தொழில் வார்த்தைன்னு சொல்லுங்க!" அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் முழம் போட்டுக்கொண்டே, "வாக்கிங்ங்கிறதே ஜவுளிக்காரங்க ஆரம்பிச்சதுதான், தெரியுமா?" என்பார். ஆனால் காலை மட்டும் ஸ்டூலை விட்டு இறக்கினாரா? மூச். "நான்தான் தினம் வாக்கிங் போறேனே. ஊரே பாக்குதுல்லா."

போனது அவரா, வீடா என்று பூரணத்துக்குத் தெரியும். வீட்டுக்கு என்ன ஒரு தெளிச்சி வந்தது தெரியுமா! மேல்சுவரில் வருசக்கணக்கில் ஓடின விரிசல் கூடிவிட்டது. மழைக்கு ஒழுகின மூலை காய்ந்துவிட்டது. கதவுகள் கிறீச்சிடாமல் மூடின. தொந்தி மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்த தெற்குச் சுவர் உள்வாங்கி, வீடே இடுப்பு சிறுத்து, பீரோவைத் தாண்டி பூரணம் ஒருக்களித்துத்தான் போகவேண்டியிருந்தது. மாசிக் கடைசியில் டாக்டர் ஜெபராணி ரத்தம் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தை மாதத்தைவிட ஏறியிருந்தது.

"வாக்கிங் போறேன்னீங்களே அண்ணாச்சி?"

"தவறாமப் போறேம்மா. நம்ம வீட்டு ஈசிசேர்லதான்."

டாக்டர் பூரணத்தைப் பார்த்தார். "பங்குனிப் பொங்கலுக்கு முன்னால ஒருக்க வாங்க. அப்ப முடிவு பண்ணிருவோம்" என்று மட்டும் சொன்னார். எதை முடிவு பண்ணுவது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பூரணம் அழுதாள். அந்த விரலைப் பிடித்து மெட்டி போடுகிற மாதிரி விளையாடியிருக்கிறாள், கல்யாணமான புதுசில். அதை ஆஸ்பத்திரிக் குப்பையில் போடுவார்களாம். வீட்டுக்கு வரும்போது அழுகை காய்ந்து வேறொன்றாகியிருந்தது.

அன்று சாயங்காலம் மிளகு ரசத்துக்குப் பின்னால், "சூட்டுக்கு நல்லது" என்று சொல்லி ஒரு கரண்டி விளக்கெண்ணெயை அவர் வாயில் ஊற்றினாள். பிறகு கூடத்துத் தூணைத் தடவிக்கொடுத்து, "தாயி, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனக் கிளம்பு. ஆனா ரொம்ப வேகமாப் போயிராத" என்றாள்.

காலையில் தவசிலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். ரொம்ப நேரம் கழித்து, லுங்கியும் தோளில் துண்டும் கையில் சிவப்புப் பிளாஸ்டிக் கப்புமாக வெளியே வந்தால் வீட்டைக் காணோம். வீடு இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. கக்கூஸ் வாசலில், இரண்டும் நேராக, முன்பக்கம் தெருவைப் பார்க்க, சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற அவருடைய எம்.சி.ஆர். செருப்பு வைத்திருந்தது. அந்தச் செருப்பு பீரோவுக்கு அடியில் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்ததே கிடையாது. மனுசருக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி பூரணம்!" என்று கத்தினார். வீடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கொல்லைப்புற வாசலில் பூரணத்தின் சேலை மட்டும் தெரிந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நடந்தார் என்றா சொன்னேன்? அந்தக் கால்களுக்கு அது மறந்துபோன காரியம். தெருவில் காலை வைப்பதும் எடுப்பதும் சேற்றில் இறங்கினவர் பாடாக இருந்தது. பஜாரில் கொம்பையா பைக்கில் நின்றுகொண்டிருந்தார். "டேய் கொம்பையா, ஏத்திக்கிட்டு அந்த வீட்டைப் பிடிடா!" என்றார். கொம்பையா ஒரு நிமிசம் யோசித்தார். "பெட்ரோல் இல்லையே அண்ணாச்சி" என்றார், பெட்ரோல் பங்க் வாசலிலேயே நின்றுகொண்டு. ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனை பேரும் திடீரென்று சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்கக் குனிந்துவிட்டார்கள். பூரணம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. ஊருக்குச் சொல்லித்தான் தெரியணுமா?

வீடு அவசரப்படவில்லை. அவர் பின்தங்கினால் நின்றது, நெருங்கினால் நகர்ந்தது. வடக்குத் தெருவில் அது வாசல் வாசலாக ஒரு கணம் நின்று நின்று போனதை அவர் அன்றுதான் பின்னாலிருந்து பார்த்தார். ஈசிசேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்தபோது அது அவருக்குத் தெரியவில்லை. இந்த வாசல், அப்புறம் அந்த வாசல், நடுவில் உள்ளதை விட்டுவிட்டு மூன்றாவது வாசல்; துணி எடுக்கிற வீடு, எடுக்காத வீடு. அப்பா மூட்டையோடு வாசல் வாசலாகப் போன அதே வரிசை. ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருணிக் கரையில், ஆளுயரத்துக்கு நிற்கிற சுமைதாங்கிக் கல்லில் வீடு சாய்ந்து நின்றது. தலைச்சுமைக்காரர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் மூட்டையை இறக்கி ஏற்ற வைத்த கல். இந்தக் கல்லைச் சொல்லித்தான் அப்பா காலை நீட்டுவார். "அந்தக் கல்லு மட்டும் இல்லேன்னா நான் இல்லடா தவசி."

வாசல்படியில் பூரணம் நின்றாள். இவர் கீழே நின்றார், வேர்த்து விறுவிறுத்து, கையில் சிவப்புக் கப்போடு.

"ஊரே சிரிக்குது. இப்ப திருப்தியா உனக்கு?"

"சிரிக்கட்டும். கால் இருக்கிற ஆளைப் பாத்துச் சிரிக்கட்டும்."

"எங்கப்பா என்ன சொன்னாரு தெரியும்ல உனக்கு? நான் நடக்கக்கூடாதுன்னுதான் அந்த மனுசன் நடந்தாரு." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

"இல்லீங்க" என்றாள் பூரணம். அவளும் அழுதாள். "நீங்க சொந்தக் கால்ல நிக்கணும்னு நடந்தாரு. நீங்க உக்காந்துட்டீங்க."

அவர் குனிந்து, செருப்புக்குள் இருந்த வலது பெருவிரலைப் பார்த்தார். தெருப்புழுதி படிந்து, வாழ்க்கையில் முதல்முதலாக அது அப்பா கால் விரல் மாதிரி இருந்தது. "சரி. கையைக் கொடு, ஏறிக்கிடுறேன்" என்றார்.

பூரணம் கையைக் கொடுக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, படியிலிருந்து இறங்கி, தரையில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். ஆளில்லாத வீடு ஒரு கணம் தயங்கியது. பிறகு கல்லிலிருந்து நிமிர்ந்து, சுமையை இறக்கிவைத்த ஆள் போல லேசாக, கதவு திறந்தது திறந்தபடி, தன்பாட்டுக்கு வீட்டைப் பார்த்துப் போனது.

"ஏட்டி, பூட்டலையே!"

"அடுப்புல இட்லிகூட இருக்கு. காலை எட்டிப் போடுங்க."

இரண்டு பேரும் ஊருணிக் கரை வழியாக வந்தார்கள். அல்லியும் மீன்கொத்தியும் இத்தனை வருசமாக இங்கேதான் இருந்ததா என்று பூரணம் அங்கங்கே நின்றாள்; அவர், "வா வா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பஜாரில் டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொம்பையா பணிவாகக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, நடையா?"

தவசிலிங்கம் நின்றார். லுங்கியை இறுக்கிக் கட்டினார். சிவப்புக் கப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கிறாற்போலச் சொன்னார்:

"நடையா? போடா கூறுகெட்டவனே. வாக்கிங். எங்க தொழில் வார்த்தை."

வீட்டுக்கு வந்தால் வீடு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, இட்லி பதமாக வெந்திருந்தது. அதற்கப்புறம் அது நடக்கவில்லை. வராண்டா ஓரத்தில் மறுபடி ஒரு விரிசல் விட்டதும் பூரணம் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் டாக்டர் ஜெபராணி ரத்தம் எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றவில்லை. விரலைக் கிள்ளினார். தவசிலிங்கம் ஆஸ்பத்திரியே அதிர, "ஐயோ அம்மா!" என்று அலறினார். அவ்வளவு இனிமையான சத்தத்தை பூரணம் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

இப்போதும் சில காலை நேரங்களில், லேசாகத் தூறினால் போதும், அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்து, "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும் பூரணம்" என்று ஆரம்பிப்பார். சமையல்கட்டில் பால் லேசாக ஒரு பக்கம் சாயும். வாசல்படி சத்தமில்லாமல் ஓரடி முன்னால் போய் நிற்கும். அவர் அதைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், குனிந்து செருப்பைத் தேடுவார். அவர் அதை மாட்டிக்கொண்டு நிமிரும்போது, குடையும் கையுமாக பூரணம் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள்.